ஸ்காலர்ஷிப் கடைசி வருடம் வரை நிற்காமல் வர: நீலகிரி கல்லூரி மாணவர்களுக்கு

முதல் வருடம் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளி ஆசிரியர், இ-சேவை மையத்துக்காரர், அட்மிஷன் ஆபீஸ் என்று நாலு பேர் கூட நிற்பார்கள். இரண்டாம் வருடம் ரெனியூவல் வரும்போது மாணவர் தனியாகத்தான் இருப்பார். பணம் வரவில்லை என்பது ஜனவரி, பிப்ரவரியில்தான் தெரியவரும். விசாரித்தால் காரணம் போன ஆகஸ்ட் மாதத்து அட்டெண்டன்ஸாகவோ மே மாதத்துத் தேர்வாகவோ இருக்கும். அந்த நேரத்தில் எதையும் திருத்த முடியாது. அதனால் ரெனியூவல் வேலையை ரெனியூவல் தேதி வந்தபின் தொடங்கக் கூடாது. வருடத்தின் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

தொடங்குவது ஒரே கேள்வியில்: எனக்குப் பணம் தொடர்ந்து வருவது எதைப் பொறுத்தது? மதிப்பெண்ணா, வருகைப்பதிவா, அடுத்த வருடத்துக்கு ஏறுவதா, அல்லது படிப்பை விடாமல் இருப்பதா? திட்டத்துக்குத் திட்டம் பதில் மாறும். வகுப்புத் தோழிக்கு அரியர் (தேறாமல் பாக்கி நிற்கும் பேப்பர்) இருந்தும் பணம் வந்தது என்பதை நம்பி நீங்கள் அலட்சியமாக இருந்துவிட முடியாது. அவருடைய திட்டம் வேறாக இருக்கும்.

எந்தத் திட்டம் எதைக் கேட்கிறது

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை (சென்ட்ரல் செக்டார் ஸ்கீம் என்பார்கள்) இருப்பவற்றிலேயே கண்டிப்பானது. குடும்ப வருமான வரம்பு 4.5 லட்சம். இளநிலையின் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகைப்பதிவு இரண்டும் வேண்டும். ராகிங் உள்ளிட்ட ஒழுங்கு நடவடிக்கைப் புகார் இருந்தாலும் போய்விடும். இதை வாங்கிக்கொண்டே இன்னொரு ஸ்காலர்ஷிப் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ரெகுலர் கோர்ஸ் மட்டுமே செல்லும். தொலைநிலைக் கல்விக்கும் டிப்ளமோவுக்கும் இது கிடையாது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையின் அடிப்படை வேறு. வருமான வரம்பு 2.5 லட்சம். இங்கே மதிப்பெண் சதவீதம் பெரிய விஷயமில்லை. ஒழுங்காக வகுப்புக்கு வந்து, அடுத்த வகுப்புக்கு ஏறினால் தொடரும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் செமஸ்டர் முறை என்பதால் ஒன்றிரண்டு அரியர் இருந்தாலும் அடுத்த வருடத்துக்கு ஏறிவிடுகிறார்கள். ஆகவே இந்தத் திட்டத்தில் மாணவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வருகைப்பதிவும் ஆவணங்களும்தான், அரியர் இல்லை.

பொறியியல், பாலிடெக்னிக் படிக்கும் பெண்களுக்கான ஏ.ஐ.சி.டி.இ. பிரகதி (வருடம் 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம்) அடுத்த வருடத்துக்கு ஏறியதற்கான சான்றைக் கேட்கும். ஏறாவிட்டால் நின்றுவிடும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இதற்கு வருமானமோ சாதியோ பார்ப்பதில்லை. இடைநிற்காமல் படித்தால் போதும். வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் மாநில விதிப்படி இதை வாங்கலாம். மேலே சொன்ன மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை வாங்குபவர்கள் மட்டும் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் திட்டத்தின் பெயரையும் அது கேட்கும் அளவையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பல மாணவர்களுக்குத் தாங்கள் வாங்குவது எந்தத் திட்டம் என்பதே தெரிவதில்லை. "ஸ்காலர்ஷிப் வருது" என்பதோடு சரி. பாஸ்புக்கில் விழுந்த வரவின் விவரத்தையும் கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் இருக்கும் பட்டியலையும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

75 சதவீதத்தைக் கணக்குப் போடுவது

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். அதில் 75 சதவீதம் 67.5, அதாவது 68 நாள். மீதி 22 நாள்தான் உங்கள் கையில். காய்ச்சல், கல்யாணம், கருமாதி, ஊர்த் திருவிழா, கேரட் அறுவடைக்கு வீட்டில் இருந்தது எல்லாம் இந்த 22-க்குள் அடங்க வேண்டும்.

மலையில் பலருக்கு இது உடைவது முழுநாள் லீவால் அல்ல, முதல் பீரியடால். கல்லூரியில் வருகைப்பதிவை எப்படி எண்ணுகிறார்கள் என்று முதல் வாரமே கேளுங்கள். சில இடங்களில் பீரியட் கணக்கு. சில இடங்களில் முதல் பீரியட் போனால் அரைநாள் போச்சு. வித்தியாசத்தைப் பாருங்கள். யானை ரோட்டில் நின்றதாலோ மூடுபனியில் பஸ் ஊர்ந்து வந்ததாலோ வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியடைத் தவறவிடுகிறார் ஒருவர். 18 வாரத்தில் 54 பீரியட். நாளைக்கு ஐந்து பீரியட் என்றால் மொத்தம் 450. பீரியட் கணக்கில் அவருக்கு 88 சதவீதம், பயமே இல்லை. அரைநாள் கணக்கில் அதே 54 தாமதம் 27 நாள் லீவாகிறது. வருகைப்பதிவு 70 சதவீதம், ஸ்காலர்ஷிப் போய்விட்டது. ஒருநாள்கூட வீட்டில் தங்காதவருக்கு இது நடக்கிறது.

அரைநாள் கணக்குள்ள கல்லூரியில் படிப்பவர்கள் பஸ் நேரத்தை முன்வைத்துத் துறைத் தலைவருக்கு ஜூன் மாதமே கடிதம் கொடுங்கள். எந்த ஊர், எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அதற்கு முந்தைய பஸ் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். அக்டோபரில் கொடுத்தால் சாக்கு என்பார்கள். ஜூனில் கொடுத்தால் ஏற்பாடு செய்வார்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை விடுவார். ஊட்டியிலும் குன்னூரிலும் கல்லூரி நடக்கும். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு வந்து படிப்பவர் வீட்டில் மாட்டிக்கொள்வார், வருகைப்பதிவில் 'ஆப்சென்ட்' விழும். அந்த அறிவிப்பு செய்தியாகவோ சமூக வலைத்தளத்திலோ வந்த அன்றே சேமித்து வையுங்கள். திரும்பி வந்த வாரத்துக்குள் அதையும் முகவரிச் சான்றையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது செமஸ்டர் முடிவில் யாருக்கும் நினைவிருக்காது.

மாவட்டம் முழுவதற்கும் விட்ட விடுமுறை உங்களுக்கு ஆப்சென்ட் ஆகாது. ஆனால் அதற்கு ஈடாகச் சனிக்கிழமை கல்லூரி வைப்பார்கள். ஹாஸ்டலில் இருப்பவர்கள் வெள்ளி மாலையே ஊருக்குக் கிளம்பிவிடுவதால் அந்தச் சனிக்கிழமைகள்தான் அதிகம் விடுபடுகின்றன. மழைக்கால விடுமுறை ஏழு நாள் என்றால் ஏழு சனிக்கிழமை. அது உங்கள் 22 நாளில் மூன்றில் ஒரு பங்கு. படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை போன்றவற்றுக்கு உள்ளூர் விடுமுறை ஒருநாள்தான். சடங்குகள் நீளும் மற்ற நாட்கள் லீவாகவே எண்ணப்படும். முன்கூட்டியே அந்த நாட்களைக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டுப் போட்டி, கல்லூரி அனுப்பிய பயிற்சி என்றால் ஓ.டி. (ஆன் டூட்டி, வந்ததாகவே எண்ணுவது) கிடைக்கும். ஆனால் போவதற்கு முன் கடிதம் இருந்தால்தான் தொல்லையில்லை. மாதக் கடைசியில் ஒருமுறை உங்கள் வருகைப்பதிவைக் கல்லூரிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். தவறாக விழுந்த ஆப்சென்டை அந்த மாதமே திருத்துவது எளிது.

கண்டோனேஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. 75-க்குக் கீழே போனவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் ஓர் எல்லைவரை அபராதம் கட்டச்சொல்லித் தேர்வு எழுத அனுமதிக்கின்றன. அது தேர்வுக்கான அனுமதி மட்டுமே. 75 கேட்கும் ஸ்காலர்ஷிப்புக்கு உங்கள் எண் 69 என்றால் 69-தான். அபராதம் கட்டிய ரசீது அதை 75 ஆக்காது.

மதிப்பெண், அரியர், சி.ஜி.பி.ஏ.

50 சதவீதம் என்றால் பாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். கலை அறிவியல் இளநிலையில் பாஸ் மார்க் பொதுவாக 40. இரண்டு செமஸ்டரிலும் சேர்த்து 12 பேப்பர், 1,200 மதிப்பெண் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 45 எடுத்து எல்லாம் பாஸ் செய்தவரின் மொத்தம் 540. சதவீதம் 45. அரியர் ஒன்றும் இல்லை, ஆனால் மத்திய அரசு ஸ்காலர்ஷிப் கிடையாது. அவருக்குத் தேவை 600.

இதனால் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றே கணக்குப் போட வேண்டும். முதல் செமஸ்டரில் 600-க்கு 270 எடுத்திருந்தால் இரண்டாவதில் 330 வேண்டும், அதாவது பேப்பருக்கு 55. இதைப் பிப்ரவரியில் தெரிந்துகொள்பவரால் ஏதாவது செய்ய முடியும். இன்டர்னல் மதிப்பெண்தான் இங்கே கைகொடுக்கும். அசைன்மென்ட், டெஸ்ட், செமினார் மூன்றையும் தேதிக்குக் கொடுத்தாலே பேப்பருக்குச் சில மதிப்பெண் கூடும். பன்னிரண்டு பேப்பருக்கு அது பெரிய தொகை.

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக ஒரு பேப்பரில் விழுந்தால், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் பல்கலைக்கழகம் தரும் நாட்கள் கொஞ்சம்தான். ரிசல்ட் வந்த வாரமே கட்டிவிடுங்கள். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் ரெனியூவல் கடைசித் தேதி வந்தால், காத்திருந்து தேதியைத் தவறவிடாதீர்கள். கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புக்குப் பொறுப்பான நோடல் ஆபீஸரிடம் மறுமதிப்பீட்டு ரசீதைக் காட்டி, எந்த மதிப்பெண்ணை இடுவது என்று கேட்டுப் பதியுங்கள். அரியர் உள்ள வருடத்திலும் இதே போல் மார்க் ஷீட்டை அவரிடம் காட்டிவிட்டே பதியுங்கள். விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது அவர்தான். நீங்கள் ஒன்று போட்டு, அவர் பதிவேட்டில் ஒன்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

மார்க் ஷீட்டில் சி.ஜி.பி.ஏ. (பத்துக்கு இத்தனை என்ற சராசரிப் புள்ளி) இருந்து ஸ்காலர்ஷிப் தளம் சதவீதம் கேட்டால், 10-ஆலோ 9.5-ஆலோ நீங்களாகப் பெருக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்று வாய்ப்பாடு எதுவோ அதுதான் செல்லும். மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் பாருங்கள், அங்கே இல்லாவிட்டால் தேர்வுப் பிரிவில் எழுதி வாங்குங்கள். பதிந்த எண்ணும் இணைத்த தாளும் அரைப்புள்ளி வித்தியாசப்பட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.

உடம்பு முடியாமல் தேர்வு எழுதாவிட்டால்

போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் நெடுங்காலமாக இருக்கும் விதி இது: நோயாலோ எதிர்பாராத காரணத்தாலோ ஆண்டுத் தேர்வு எழுத முடியாதவருக்கு, மருத்துவச் சான்றும், "எழுதியிருந்தால் தேறியிருப்பார்" என்று கல்லூரி முதல்வர் தரும் சான்றும் இருந்தால் உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாததால் கேட்பதில்லை. முதல்வர் அப்படி எழுத வேண்டுமானால் உங்கள் இன்டர்னல் மதிப்பெண்ணும் அதுவரையிலான வருகைப்பதிவும் நன்றாக இருக்க வேண்டும்.

சான்று அரசு மருத்துவமனையிலிருந்து இருப்பது நல்லது: ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, கூடலூர் அரசு மருத்துவமனை. உள்நோயாளியாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்குங்கள். அதில் சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் நீங்கள் லீவு எடுத்த தேதிகளோடு பொருந்துகின்றனவா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். திரும்பி வந்த முதல் நாளே கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும் மருத்துவச் சான்றை யாரும் நம்புவதில்லை.

தாள்கள்

படிப்பில் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் பணம் நிற்பது இங்கேதான். வருமானச் சான்றின் காலம் முடிந்துவிட்டதா என்று மே மாதமே பாருங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தபின் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவதால் தாமதமாகும். எஸ்டேட்டில் அப்பா, அம்மா இருவரும் வேலை செய்யும் வீடுகளில் வரம்பைக் கவனியுங்கள். ஆளுக்கு மாதம் 10,000 என்றால் வருடம் 2.4 லட்சம். ஆளுக்கு 500 ரூபாய் கூடினால் 2.52 லட்சம், வரம்பைத் தாண்டிவிடும். பிடித்தம் போகக் கைக்கு வருவதைச் சொல்வதா, மொத்தச் சம்பளத்தைச் சொல்வதா என்று குழம்பி வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டைக் கொண்டுபோய் வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள்.

சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் ஆன்லைனில் செல்லாது. டிஜிட்டல் சான்றாக மாற்ற வேண்டும். எஸ்.சி.க்குத் தாசில்தார், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர் தருவார். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றில் விசாரணை உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அண்ணனுக்கோ அப்பாவுக்கோ ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

தளமும் வங்கிக் கணக்கும்

மாநிலத் திட்டங்கள் பெரும்பாலும் யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் தளம்) வழியே நடக்கின்றன. மத்தியத் திட்டங்கள் தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில், ஒருமுறைப் பதிவு எண் (ஓ.டி.ஆர்.) கொண்டு. இந்தப் பதிவில் உங்கள் பெயர் ஆதாரிலிருந்து வரும். மார்க் ஷீட்டில் 'கவிதா எஸ்' என்றும் ஆதாரில் அப்பா பெயரோடு 'கவிதா சுப்பிரமணி' என்றும் இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம், ஆனால் தளத்தில் அது தகராறு. ரெனியூவல் திறப்பதற்கு முன் ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். எண்ணை மாற்ற டவுனுக்கு வர முடியாவிட்டால் போஸ்ட்மேனிடம் கேளுங்கள். போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டிலேயே செய்து தருகிறார்கள்.

பதிந்தபின் வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' என்று இருந்தால் திருத்தித் திரும்ப அனுப்பச் சொல்கிறார்கள் என்று அர்த்தம், நிராகரிப்பு இல்லை. திருத்தி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கல்லூரி அதை மறுபடி சரிபார்த்து அனுப்ப வேண்டும். நோடல் ஆபீஸருக்கு நேரில் சொல்லி, சரிபார்த்ததைத் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள்.

பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கியைப் பார்த்து வருகிறது. சிம் வாங்கும்போதோ கடையிலோ புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் ஆதாரை இணைக்கச் சம்மதம் கொடுத்திருந்தால் பணம் அங்கே போயிருக்கும். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். வங்கியில் கே.ஒய்.சி. (அடையாளச் சான்று) கொடுத்ததும் இந்த இணைப்பும் வேறுவேறு. "ஆதார் கொடுத்தாச்சு" என்று வங்கியில் சொன்னாலும் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தாச்சா என்று கேளுங்கள். பள்ளிக் காலத்துக் கணக்கு இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் முடங்கியிருக்கலாம். முழு கே.ஒய்.சி. இல்லாத சிறு கணக்கில் ஒரு நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. பிரகதி வாங்குபவர்கள் இதை முதலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும்.

எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் பணம் மாநிலப் பங்கு 40, மத்தியப் பங்கு 60 எனப் பிரிந்து வரும். இரண்டாவதாக வருவதைக் கூடுதல் பணம் என்று எண்ணிச் செலவழித்துவிடாதீர்கள். கல்லூரிக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கும்.

கல்லூரி மாறுவது, படிப்பை நிறுத்துவது

ஊட்டியிலிருந்து கோவைக்கு மாறுவதானாலும் பி.ஏ.விலிருந்து பி.காம்.க்கு மாறுவதானாலும் மாறும் முன் ஸ்காலர்ஷிப் பிரிவில் கேளுங்கள். முன் அனுமதி இல்லாமல் பாடமோ கல்லூரியோ மாறினால் போஸ்ட் மெட்ரிக் உதவியை ரத்து செய்ய விதி இடம் தருகிறது. ஒரு இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு இன்னொரு இளநிலை சேர்ந்தாலும் கிடைக்காது.

கல்விக் கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் வாங்குபவர்கள் படிப்பை நடுவில் விட்டால் மானியம் நிற்கும். மருத்துவக் காரணம் என்றால் விலக்கு உண்டு, தாள்கள் வேண்டும். குடும்பச் சூழலால் ஒரு வருடம் தள்ளியிருக்க வேண்டிய நிலை வந்தால் டி.சி. வாங்கிவிடாதீர்கள். டி.சி. வாங்கினால் படிப்பை விட்டதாகவே எல்லா இடத்திலும் பதிவாகும். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' கேட்டு முதல்வருக்கு எழுதுங்கள். எந்தச் செமஸ்டரிலிருந்து எந்தச் செமஸ்டர் வரை, என்ன காரணம், எப்போது திரும்புவீர்கள் என்று குறிப்பிட்டு, ஒப்புதல் ஆணையின் நகலைக் கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவிலும் கடன் வாங்கிய வங்கியிலும் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.